காலி இடத்துக்கு ஒரு காவல்

முத்தியால்பேட்டையில் அந்தச் சந்திலிருந்து ஒரு காரை வெளியே எடுக்க மூன்று பேர் வேண்டும். ஓட்டுவதற்கு ஒருத்தர். பின்னால் நின்று, "வரலாம், வரலாம், ஒடிங்க, போதும் போதும்" என்று கையை ஆட்டுவதற்கு ஒருத்தர். கார் போனபிறகு அது நின்ற இடத்தில் நின்று காவல் காப்பதற்கு ஒருத்தர். ஜோசப் ஆனந்த் வீட்டில் இருப்பதே மூன்று பேர்தான். அவன் ஓட்டுவான். பதிமூன்று வயது மகள் ஜோவிதா கையை ஆட்டிவிட்டு, சந்து முனை வரைக்கும் ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறிக்கொள்வாள். மிச்சம் இருப்பது அவன் மனைவி சகாயசெல்வி. நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் காலி இடத்தில் போய் நிற்பாள்.

அப்படி என்ன பெரிய இடம் என்று கேட்டால், பதினான்கு அடி. அந்தச் சந்தில் வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டித்தான் நிற்கும். வாசற்படியிலிருந்து காலை எடுத்து வைத்தால் தெரு. இடது பக்கம் மின்சாரப் பெட்டி. வலது பக்கம் சொல்தா வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவரின் வீடு அது. குடும்பமே பாரீஸில் இருக்கிறது, கேட்டில் வருஷம் முழுக்கப் பூட்டுத் தொங்குகிறது. ஆனால் அந்தக் கேட்டை மறைத்து எவனாவது வண்டியை நிறுத்தட்டும், ஒரு மணி நேரத்துக்குள் பாரீஸிலிருந்து போன் வந்துவிடும். யார்தான் சொல்கிறார்களோ, அந்த அந்தோணியாருக்கே வெளிச்சம். சந்து முனையில் ஒரு வீட்டை ரூம் ரூமாகத் தடுத்து வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆனால் போதும், சென்னை வண்டியும் பெங்களூர் வண்டியும் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு இடம் தேடி வரும்.

செல்வி எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலி போட்டாள். அதைச் சட்டென்று எடுத்து வாசலில் வைத்துவிட்டு நிறுத்தினான் ஒருத்தன். சிமெண்டுத் தொட்டி வைத்தாள். இரண்டு பேர் சேர்ந்து உருட்டினார்கள். ஸ்கூட்டரை நிறுத்தினாள், ஸ்கூட்டருக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார் என்று நின்றுகொண்டு, ஸ்கூட்டரும் நசுங்காமல் காரும் உள்ளே வராமல் ஒரு கண்காட்சியே நடந்தது. ஆள் நின்றால்தான் மரியாதை என்று அன்றைக்கு முடிவாயிற்று. ஆள் என்றால் செல்வி.

ஆக, குடும்பத்தோடு சேர்ந்து போவதற்கு என்று வாங்கிய காரில், மூன்று வருஷத்தில் செல்வி ஏறியது ஏழே ஏழு தடவை. கடற்கரைக்கு, அரியாங்குப்பத்தில் சின்னம்மா வீட்டுக்கு, மாமியார் ஊருக்கு, எதற்கென்றாலும், "நீங்க போய்ட்டு வாங்க. நான் எடத்தப் பாத்துக்கறேன்" என்று அவளே சொல்லிவிடுவாள். சொல்லும்போது யார்மீதும் கோபம் இருக்காது. கதவைச் சாத்தியபிறகு வரும்.

அதை வெளியே காட்டவும் அவளுக்கு வாயில்லை. ஏனென்றால் காரைக் கேட்டவளே அவள்தான்.

ஜோவிதாவுக்குப் பிறந்ததிலிருந்து இழுப்பு. மூன்று வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில், பட்டப்பகலில் வானம் இருண்டு மழை கொட்டிய ஒரு நாள், பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை. ஒரு ஆட்டோவும் சந்துக்குள் வர மாட்டேன் என்றது. ஆனந்த் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோடு வரைக்கும் தண்ணீரில் நடந்தான். செல்வி பின்னாலேயே குடையைப் பிடித்துக்கொண்டு, ஊர் கேட்கக் கத்தினாள். "ஊர்ல நாதியத்தவன்லாம் காரு வச்சிருக்கான். பெத்த புள்ளைக்கு மூச்சு முட்டறப்ப தூக்கிக்கிட்டு நடக்கறமே, வெக்கமா இல்ல?" ஆனந்த் ஒரு வார்த்தை பதில் பேசவில்லை. பிள்ளை பிழைத்து வீடு வந்தாள். அடுத்த மாதமே பழைய கார் ஒன்று வாசலுக்கு வந்துவிட்டது. அன்றைக்குச் சொன்ன வார்த்தையை நினைத்தால் செல்விக்கு இன்றைக்கும் முகம் சுடும்.

இப்போது கதைக்கு வருகிறேன். இந்த வருஷம் மே மாதக் கடைசி. கத்திரி வெயில். சந்தில் கழிவுநீர்க் குழாய் போடுகிறேன் என்று தோண்டிவிட்டு, தோண்டின மண்ணை வாசலுக்கு வாசல் குவித்துவிட்டுப் போயிருந்தார்கள். மதியம் இரண்டு மணிக்குமேல் கடல்காற்று எழும்பினால் அந்த மண்ணெல்லாம் வீட்டுக்குள்தான். ஜன்னலைத் திறக்கலாம் என்றால் ஜன்னலை அடைத்துக்கொண்டு கார். செல்வி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் வழிகிற வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒரு வெள்ளை கவுனைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

அது அவளுடைய அக்கா பிரிஸ்கில்லாவின் மகள் எஸ்தலுக்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டைக் கோயிலில் எஸ்தலுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. செல்விதான் அவளுக்கு ஞானத்தாய். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஞானஸ்நானத் தொட்டியருகே பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றவள். உடுப்பு, தலையில் போடும் லேஸ் முக்காடு, மெழுகுவர்த்தி எல்லாம் ஞானத்தாய் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் மட்டும் போதாது. பூசையில் பிள்ளைக்குப் பின்னால் தோளில் கை வைத்து நிற்கவும் வேண்டும். அதற்கு அவளை விட்டால் வேறு ஆள் கிடையாது.

புதன்கிழமை சாயந்திரம் மெக்கானிக் நெடுமாறன் வந்தான். ஜோசப் ஆனந்த் அப்போதுதான் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிற வேலை அவனுக்கு.

"அண்ணே, பாகூர்லேர்ந்து ஒரு வாத்தியார் வந்தாரு. இனியவன்னு பேரு. இதே மாடல்தான் வேணும்ன்றாரு. கலருகூட இதே கலரு. ஒங்க வண்டி அதிகம் ஓடல, புதுசு மாதிரி கீதுன்னு சொல்லிட்டேன். சனிக்கிழமை காலையில வருவாரு. குடுக்கறதா இருந்தா குடுங்க. இல்லன்னா கடலூர்ல ஒண்ணு பாத்து வச்சிருக்காரு, அத்த எடுத்துப்பாரு."

"நான் விக்கறேன்னு எப்பப்பா சொன்னேன்?"

"விக்கலன்னும் சொல்லலியே. போன வாரம் சர்வீசுக்கு வந்தப்ப வண்டியப் பாத்துட்டு ஒரு மூச்சு விட்டீங்க பாருங்க, அத்த வச்சித்தான்." நெடுமாறன் சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அவன் போனபிறகு செல்வி தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

"என்ன சொல்ற செல்வி?" என்றான் ஆனந்த்.

"என்னத்த சொல்ல? உங்க இஷ்டம்."

"என் இஷ்டம் என்ன இருக்கு. நீ கேட்டுத்தான வாங்கனது. உனக்கு வேணும்னா இருக்கட்டும்."

"நான் என்ன அதுலயா குடியிருக்கேன்? உங்களுக்கு ஆசையா இருந்தா இருக்கட்டும். ஞாயித்துக்கெழம ஆனா புள்ளைக்குத் தல குளிப்பாட்டற மாதிரி தேச்சித் தேச்சிக் கழுவறீங்க."

"கழுவலன்னா தூசி ஏறிடும் இல்ல?"

"அதான் சொல்றேன். இருக்கட்டும்னு."

இப்படியே 'உனக்காக', 'உங்களுக்காக' என்று தோசையைத் திருப்புகிற மாதிரி நாலு தடவை திருப்பினார்கள். தட்டோடு உட்கார்ந்திருந்த ஜோவிதாதான் நடுவில் கேட்டாள். "ஞாயித்துக்கெழம எஸ்தல் ஃபங்ஷனுக்கு எப்படிப் போறோம்?"

"கார்லதான். பின்ன எப்படி? பள்ளத்து மேல தகடு போட்டுக் குடுக்கச் சொல்லிக்கலாம்" என்றான் ஆனந்த்.

"அப்ப எடத்துக்கு?"

ஆனந்த் வாயில் தோசையோடு நிறுத்திவிட்டான். செல்வி கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். இந்த ஒரு தடவை அவள் வீட்டில் நிற்க முடியாது என்பது மூன்று பேருக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சரி, நீயும் அம்மாவும் போங்க. நான் எடத்தப் பாத்துக்கறேன்" என்றான் ஆனந்த், பெரிய தியாகி மாதிரி.

"நீங்க எடத்தப் பாத்துக்கிட்டா காரை யாருங்க ஓட்டறது?"

"அட, ஆமால்ல." அவன் யோசித்தான். "அப்ப காரை எடுக்க வேணாம். அது பாட்டுக்கு நின்ன எடத்துலயே நிக்கட்டும். நாம ஷேர் டெம்போல போவோம்."

"கார் இருக்கறப்ப டெம்போவுல போய் எறங்கினா அக்கா வீட்டுல என்ன நெனைப்பாங்க? வண்டிய எங்கனு அத்தான் கேப்பாரே. எடம் போயிடும்னு எடுக்கலன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிப்பாங்கதான்" என்று ஆனந்த் ஒத்துக்கொண்டான். சனிக்கிழமைக்குள் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலில் நின்றாக வேண்டும். செல்விக்கு அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. விற்றுவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. சொன்னால் அந்த மழை நாளில் கத்தியதற்கு என்ன அர்த்தம்? நாளைக்கே மறுபடி மழை வந்து, பிள்ளைக்கு மூச்சு முட்டினால் யாரைக் கேட்பது? அந்தப் பயம்தான் அவள் வாயைக் கட்டிப்போட்டது. மற்றதெல்லாம் கௌரவம், அதை விட்டுத் தொலைக்கலாம்.

வியாழக்கிழமை மத்தியானம். ஆனந்த் வேலைக்குப் போயிருந்தான், ஸ்கூட்டரையும் எடுத்துக்கொண்டு. செல்வி கவுனின் கையில் லேஸ் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். கடல்காற்று எழும்பிற்று. தெருவே மஞ்சளாகிற அளவுக்கு மண் பறந்தது. பள்ளிக்கூட விடுமுறை, ஜோவிதா உள்ளே படுத்துப் போன் பார்த்துக்கொண்டிருந்தவள் இருமத் தொடங்கினாள். செல்வி மிஷினை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். இருமல் எது, இழுப்பு எது என்று அவளுக்குத் தெரியும். இது இழுப்பு.

மூச்சு மருந்து பம்ப்பை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைத்தாள். இரண்டு தடவை அடித்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். தணியவில்லை. பிள்ளை இரண்டு கையையும் கட்டிலில் ஊன்றிக்கொண்டு, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். ஆனந்துக்குப் போன் போட்டாள். ஸ்டோருக்குள் சிக்னல் கிடையாது, எடுக்கவில்லை. ஆட்டோவுக்குப் போன் போட்டாள். சந்து தோண்டிக் கிடக்கிறதே அக்கா, முனைக்கு வந்துடுங்க, இருபது நிமிஷம் ஆகும் என்றான். சுவரில் ஆணியில் கார்ச் சாவி தொங்கியது. வாசலில் பளபளவென்று கார் நின்றது. அவளுக்கு ஓட்டத் தெரியாது.

செல்வி வாசலுக்கு வந்து நின்று, என்ன செய்வது என்று தெரியாமல், "யேசுவே" என்று மட்டும் சத்தமாகச் சொன்னாள்.

எதிர் வீட்டு அஞ்சலாட்சி வாசல் நடைக்குள் உட்கார்ந்து மறுநாளைக்கு உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். காலையில் இட்லிக் கடை போடுகிறவள். அவள் புருஷன் கமலக்கண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். இரண்டு வீட்டுக்கும் ஒன்றரை வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் அந்தப் பதினான்கு அடிதான். வேளாங்கண்ணிக்குப் போனபோது, மூன்று நாளைக்கு இடத்தில் உங்கள் வண்டியை நிறுத்திக்கொள்ளுங்கள் என்று ஆனந்தே கமலக்கண்ணனிடம் கேட்டுக்கொண்டான். திரும்பி வந்து பார்த்தால் லோடு ஆட்டோவுக்கு ஆக்சில் உடைந்து, நகர்த்த முடியாமல் இன்னும் நாலு நாள் அங்கேயே கிடந்தது. அதற்கு வந்த வாய்ச்சண்டையில் செல்வி சொன்னதும் கொஞ்சமில்லை, அஞ்சலாட்சி சொன்னதும் கொஞ்சமில்லை.

அஞ்சலாட்சி முறத்தைக் கீழே வைத்தாள். "இன்னாடி? இன்னா ஆச்சி?"

"அக்கா, ஜோவிதாவுக்கு இழுக்குதுக்கா. அவர் போன் எடுக்கல."

அஞ்சலாட்சி அதற்குமேல் கேட்கவில்லை. உள்ளே போய் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புடவையில் உளுந்துத் தோல் ஒட்டியிருந்தது. "புள்ளைய நடுவுல ஒக்கார வையி. நீ பின்னால ஏறு. இறுக்கிப் புட்ச்சிக்க. ஏறுடி, இன்னா பாத்துகினு கீற!"

மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு முழம் இடம் இருந்தது. அதில் அஞ்சலாட்சி ஸ்கூட்டியைக் கொடுத்து, பள்ளத்தில் போட்டிருந்த பலகைமேல் ஏற்றி இறக்கி, ஐந்தாவது நிமிஷம் மெயின் ரோட்டு டாக்டரம்மா கிளினிக் வாசலில் நிறுத்தினாள். டாக்டரம்மா பார்த்தவுடனே பிள்ளைக்கு மாஸ்க்கை மாட்டி ஆவிமருந்து வைத்துவிட்டார். "நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. பயப்பட ஒண்ணுமில்ல. அரை மணி நேரம் இருக்கட்டும்" என்றார்.

வெளியே பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். அஞ்சலாட்சி தன் முந்தானையால் செல்வியின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கொஞ்சம் மூச்சு வந்தபிறகு கேட்டாள்.

"ஏண்டி, ஒண்ணு கேக்கறேன். கோச்சிக்காத. வாசல்ல தேரு மாதிரி கார வச்சிகினு, அவசரத்துக்கு எங்கூட்டுத் தகர டப்பாவுல வர. அந்தக் காரு எதுக்குடி?"

"இவளுக்காகத்தான்க்கா வாங்கனது."

"சரி, இன்னிக்கி அவரு இல்ல. அவரு இருக்கச் சொல்லோ இந்த மாதிரி வந்துதுன்னா?"

"வந்துதுக்கா. ரெண்டு தடவ. ரெண்டு தடவையும் ஸ்கூட்டர்லதான் போனோம்."

"ஏன்?"

"காரை எடுத்தா எடம் போயிடும்ல. மருந்து குடுத்துப் புள்ளைய திரும்பக் கூட்டியாந்தா எங்க நிறுத்தறது? அதான் நானே சொன்னேன், ஸ்கூட்டர எடுங்கன்னு."

அஞ்சலாட்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். செல்விக்குத் தான் சொன்னது தன் காதிலேயே அப்போதுதான் விழுந்தது. அஞ்சலாட்சியின் வயிறு முதலில் குலுங்கிற்று. பிறகு தோள் குலுங்கிற்று. வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் பெஞ்சே ஆடிற்று. செல்விக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கண்ணில் தண்ணீரோடு அவளும் சிரித்தாள். சீட்டு எழுதுகிற பெண் எட்டிப் பார்த்து, "அம்மா, உள்ள பேஷண்ட் இருக்காங்க" என்று அதட்டினாள். அப்படியும் இரண்டு பேருக்கும் அடங்கவில்லை.

"எடத்துக்குப் பயந்துகினு புள்ளைய ஸ்கூட்டர்ல வச்சிகினு போனாளாம்" என்று அஞ்சலாட்சி மூச்சு வாங்கினாள். "அந்த எடத்துக்கா எங்கூட அப்பிடி மல்லுக்கு நின்ன? த்தூ!"

"நீங்க மட்டும் என்னக்கா, கொஞ்சமாவா பேசனீங்க?"

"நானும் பேசனேன்தான். இல்லன்னா சொல்றேன்? வுடு."

ஒன்றரை வருஷத்துச் சண்டை அந்தப் பெஞ்சிலேயே முடிந்தது.

ஆனந்துக்குத் தகவல் கிடைத்து, வேர்த்து விறுவிறுத்து அவன் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து. ஜோவிதா கட்டிலில் சாய்ந்து ரஸ்க்கைப் பாலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவன் பிள்ளையின் முதுகில் கையை வைத்து மூச்சைப் பார்த்தான். பிறகு கூடத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். செல்வி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். இனிமேல் சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"காரைக் குடுத்துடுங்க."

அவன் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தினான். "நெசமாவா சொல்ற?"

"நெசமாத்தான். அன்னிக்கு மழையில நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கத்திட்டேன். நீங்க மறுவார்த்த பேசாம வாங்கிட்டு வந்து நிறுத்திட்டீங்க. அதுக்கப்பறம் வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல. மூணு வருஷமா அந்த எடத்துல நின்னு நின்னு எனக்குக் கால் கடுத்துப் போச்சுங்க. ஒரு நல்லது கெட்டதுக்குப் போக முடியல. சின்னம்மா செத்தப்பக்கூட மொத நாள் நீங்க ரெண்டு பேரும் போனீங்க, நான் மறுநாள் பஸ்ல போனேன். எதுக்கு? தெருவுல பதினாலு அடிக்கு."

சொல்லச் சொல்ல அவளுக்கு அழுகை வந்துவிட்டது. ஆனந்த் தலையைக் குனிந்துகொண்டான். அழப்போகிறான் என்று நினைத்தாள். நிமிர்ந்தபோது பார்த்தால், பரீட்சை இல்லை என்று கேள்விப்பட்ட பள்ளிக்கூடத்துப் பையன் முகம்.

"செல்வி, நான் ஒண்ணு சொல்லட்டா? எனக்கு அந்த வண்டிய ஓட்டவே புடிக்கல. சந்துல திருப்பறப்ப நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். சனிக்கெழம ராவுலேர்ந்தே எங்கயாவது போவணும்னு சொல்லிடுவியோன்னு இருக்கும். மேம்பாலத்துல பின்னால எவனாவது ஆரன் அடிச்சா அப்படியே எறங்கிப் போயிடலாமான்னு தோணும்."

"அப்பறம் எதுக்கு அப்படித் தேச்சித் தேச்சிக் கழுவனீங்க?"

"ஓட்டறதுக்குக் கழுவறது தேவலைன்னுதான். வண்டி ஈரமா இருந்தா நீ எங்கயும் கூப்புட மாட்ட இல்ல?"

"அடப்பாவி மனுஷா!" என்றாள் செல்வி. மூன்று வருஷத்தில் புருஷனை அவள் அப்படித் திட்டியது அதுதான் முதல் தடவை. ஆனந்த் அதைக் கேட்டுச் சந்தோஷமாகச் சிரித்தான்.

பிறகு சிரிப்பை விட்டுவிட்டு ஆக வேண்டியதைப் பேசினார்கள். பயம் என்னவோ பயம்தான். காரை விற்றால் இழுப்பு பிள்ளையை விட்டுப் போய்விடாது. கம்பெனி வேன் மெயின் ரோட்டுக்கு வருகிறது, ஐந்து நிமிஷம் நடந்தால் போதும். இனிமேல் வேனில் போய்க்கொள்கிறேன், ஸ்கூட்டர் உன்னிடம் இருக்கட்டும் என்றான் ஆனந்த். காலேஜ் போனபோது ஓட்டினவள்தானே நீ, இரண்டு நாளில் கை வந்துவிடும். பம்ப் ஒன்று கையில், ஒன்று அலமாரியில். கம்பெனி ஆபீஸ் நம்பரைச் சுவரில் பெரிசாக எழுது. மழை என்றால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டு. இதையெல்லாம் சொன்னபோதே வாசலில் அஞ்சலாட்சி, "தட்டாட்டி நான் வந்து தட்டுவேன்" என்று குரல் கொடுத்தாள். எவ்வளவு நேரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் இனியவன் வாத்தியார் வந்துவிட்டார். அவர் அப்பா விவசாயி. கரும்பும் நெல்லும் என்று பேசினார். நெடுமாறன் கூடவே நின்று, வண்டியைத் தானே பெற்றெடுத்த மாதிரி புகழ்ந்தான்.

"நிறுத்தறதுக்கு எடம் இருக்கா சார்?" என்று செல்விதான் முதலில் கேட்டாள்.

வாத்தியாருக்குக் கேள்வி புரியவில்லை. "எடமா? வூட்டுக்கு முன்னால களம் கெடக்குதும்மா. பத்து காரு நிறுத்தலாம். வைக்கப்போரு ஒண்ணுதான் கொஞ்சம் இடிக்கும்."

செல்வி ஒரு பெருமூச்சு விட்டாள். "நல்லா வச்சிக்கங்க. வீட்டுல எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போங்க சார். யாரையும் விட்டுட்டுப் போவாதீங்க."

"அதுக்குத்தானம்மா வாங்கறது" என்றார் அவர் வெள்ளந்தியாக.

காகிதமெல்லாம் முடிந்து, கடைசி முறையாக மூன்று பேர் வேலை நடந்தது. இந்தத் தடவை ஓட்டியது வாத்தியார். ஜோவிதா கையை ஆட்டினாள். குழாய்க்காரர்கள் மண்ணை ஒதுக்கிவிட்டுப் பள்ளத்தின்மேல் இரண்டு இரும்புத் தகட்டைப் போட்டுக்கொடுத்தார்கள். கார் முனை திரும்பியபோது ஆனந்த் செல்வியின் முகத்தைப் பார்த்தான், செல்வி ஆனந்தின் முகத்தைப் பார்த்தாள். அழுவார்களோ என்று இரண்டு பேருக்குமே சந்தேகம். யாரும் அழவில்லை. ஆனந்த் மட்டும், "பசிக்குது. என்ன டிபன்?" என்றான்.

செல்வி இட்லியை எடுத்து வைப்பதற்குள் வாசலில் ஹார்ன் சத்தம். ஒரு பெங்களூர் வண்டி பின்னால் பின்னால் வந்து அந்த இடத்தில் ஒடித்துக்கொண்டிருந்தது. பழக்கதோஷம், செல்வி கரண்டியோடு வாசலுக்குப் பாய்ந்தாள். "ஹலோ, ஹலோ" என்று வாய்வரை வந்துவிட்டது. ஸ்டியரிங்கில் இருந்தவன் பயந்துபோய்க் கண்ணாடியை இறக்கி, "நிறுத்தலாமா மேடம்?" என்றான்.

செல்வி கரண்டியைக் கீழே இறக்கினாள். "நிறுத்துங்க. ஜன்னல மட்டும் விட்டுட்டுக் கொஞ்சம் முன்னால நிறுத்துங்க" என்றாள். எதிர் வாசலில் அஞ்சலாட்சி மோவாயில் கையை வைத்துக்கொண்டு, "அடியே, மேடமாம்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கே மூன்று பேரும் குளித்துக் கிளம்பிவிட்டார்கள். செல்வி கல்யாணத்துக்கு எடுத்த மாம்பழக் கலர்ப் பட்டைக் கட்டிக்கொண்டாள். எஸ்தலின் உடுப்பை இரண்டு நாள் முன்பே பிரிஸ்கில்லா வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தாள். மெழுகுவர்த்தி மட்டும் கையில். கதவைப் பூட்டினாள். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். மெயின் ரோட்டில் டெம்போ கிடைத்தது. ஆனந்த் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். எவன் ஹார்ன் அடித்தாலும் அவன் சட்டை பண்ணவில்லை. செல்வி மீன்கூடைக்காரி ஒருத்தியோடு ஊர்க்கதை பேசிக்கொண்டு வந்தாள். முதலியார்பேட்டையில் இறங்கும்போது பூசைக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். செல்வி எஸ்தலின் பின்னால் போய் அவள் தோளில் கையை வைத்தாள். பிள்ளை திரும்பிப் பார்த்து, "சித்தி, நீ வந்துட்டியா? நீ வர மாட்டேன்னு ஆயா சொன்னாங்க" என்று கிசுகிசுத்தாள். செல்வி, "நான் வராம யாருடி வருவா?" என்று முக்காட்டைச் சரிசெய்தாள்.

மத்தியானம் அக்கா வீட்டு மாடியில் பந்தல் போட்டுச் சாப்பாடு. முதல் பந்திக்கு இலை போட்டார்கள். அத்தான் வந்து, "என்ன சகலை, வண்டிய எங்க நிறுத்தின?" என்று ஆனந்தைக் கேட்டார். "பாகூர்ல" என்றான் ஆனந்த். அத்தானுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. விளங்கினபிறகு அவர் சிரித்தார்தான். ஆனந்த் அதைவிடச் சத்தமாகச் சிரித்துக்கொண்டு கோழிக்கறியை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான்.

செல்வி சாப்பிட உட்காருமுன் கை கழுவப் போனபோது, சமையல்கட்டில் பிரிஸ்கில்லா அவசர அவசரமாக ஒரு டிபன் கேரியரில் பிரியாணியை அடைத்துக்கொண்டிருந்தாள். மேல் தட்டில் தயிர்ப்பச்சடி, நடுவில் கறி. மூன்று வருஷமாக இந்த வீட்டில் என்ன விசேஷம் என்றாலும் அவள் இப்படி அடைத்துச் செல்விக்கென்று ஆனந்திடம் கொடுத்தனுப்புவாள். சாயந்திரம் ஆறிப்போய் வீடு வந்து சேரும்.

"யாருக்குக்கா இது?"

"வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான். எடுத்துட்டுப் போ. யாரு இருக்கா வீட்டுல இன்னிக்கு?" பிரிஸ்கில்லா தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"யாரும் இல்லக்கா. பூட்டிட்டு வந்துட்டேன்."

பிரிஸ்கில்லா கரண்டியைப் பிடித்தபடியே தங்கையை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கேரியரை அப்படியே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்து, முதல் பந்தியில் காலியாக இருந்த இலைக்கு முன் செல்வியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, ஆவி பறக்கப் பறக்க மூன்று தட்டையும் அந்த இலையிலேயே கவிழ்த்தாள்.